இறுதிப் போட்டிக்கு முந்தைய ராத்திரி: ஒரு ரசிகனின் கணக்கு

2017 ஜனவரி 28, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டி. ரோஜர் ஃபெடரர், ரஃபேல் நடால். நம்ம நேரப்படி மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம். நான் எக்செல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எட்டு வயதான என் மகள் பின்னால் வந்து நின்று கேட்டாள்: "நாளைக்கு அவர் ஜெயிச்சுடுவாராப்பா?"

"ஜெயிச்சுடுவார்டா" என்றேன், யோசிக்காமலேயே. அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது 'ஜெயிப்பாரா' என்று. நான் பதில் சொன்னது 'ஜெயிக்கணுமா' என்ற கேள்விக்கு. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒரு ரசிகனின் மண்டைக்குள் இந்த இரண்டும் எப்படி ஒன்றாகக் கலந்துபோகின்றன, அதைக் கொஞ்சமாவது பிரித்துப் பார்க்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. டென்னிஸ் தெரியாதவர்களும் படிக்கலாம், தேவையானதை வழியில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிலவரம். ஃபெடரருக்கு அப்போது 35 வயது. கடைசியாக கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றது 2012 விம்பிள்டனில். அதற்குப் பிறகு 2014 விம்பிள்டன், 2015 விம்பிள்டன், 2015 யு.எஸ். ஓபன் என்று மூன்று இறுதிப் போட்டிகள், மூன்றிலும் ஜோகோவிச்சிடம் தோல்வி. 2016 தொடக்கத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த வருஷம் விம்பிள்டனோடு விளையாட்டை நிறுத்திவிட்டு ஆறு மாதம் ஓய்வு. திரும்பி வந்த முதல் பெரிய போட்டியே இதுதான், தரவரிசையில் 17-வது இடம் கொடுத்திருந்தார்கள். எதிரே நடால், அவரும் காயத்திலிருந்து மீண்டு வந்தவர், 9-வது இடம். ஜோகோவிச்சும் மர்ரேயும் முன்கூட்டியே வெளியேறியதால் யாருமே எதிர்பார்க்காத இந்த இறுதிப் போட்டி அமைந்தது. 'இது ஒருவேளை கடைசி வாய்ப்பு' என்று ஃபெடரர் ரசிகர்கள் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம்.

கத்தரிக்கோல் வித்தை

என் எக்செல்லில் இருந்தது இருவரும் அதுவரை மோதிய 34 ஆட்டங்களின் பட்டியல். நடால் 23, ஃபெடரர் 11. இதைப் பார்த்தால் கதை முடிந்தது. ஆனால் ரசிகன் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவானா?

முதல் வெட்டு: களிமண் தரை ஆட்டங்களை எடுத்துவிடு. களிமண்ணில் பந்து மெதுவாக வரும், உயரமாக எழும்பும், அது நடாலின் ராஜ்ஜியம். களிமண்ணில் மட்டும் நடால் 13, ஃபெடரர் 2. அதைக் கழித்தால் மீதி 10-9. அட, கிட்டத்தட்ட சமம்!

இந்த வெட்டுக்கு ஒரு நியாயமும் உண்டு. 34 ஆட்டத்தில் 15 களிமண்ணில் நடந்திருக்கிறது. ஏன் அவ்வளவு? களிமண்ணிலும் ஃபெடரர் இறுதிச் சுற்று வரை வரக்கூடியவராக இருந்ததால் அங்கே நடாலிடம் போய் மாட்டிக்கொண்டார். மறுபக்கம், 2004-லிருந்து 2008 வரை ஃபெடரர் தொடர்ந்து ஐந்து முறை யு.எஸ். ஓபன் வென்றார். அந்த ஐந்து முறையும் நடால் அங்கே அவர் முன்னால் வந்து நிற்கவில்லை. இன்றுவரை யு.எஸ். ஓபனில் இவர்கள் ஒருமுறைகூட மோதியதில்லை. அதாவது, ஒருவர் பலவீனமான இடத்திலும் முட்டி மோதி மேலே வந்ததே அவருடைய கணக்கைக் கெடுத்திருக்கிறது. புள்ளியியலில் இதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள்: எந்த ஆட்டங்கள் நம் பட்டியலுக்குள் வந்தன என்பதிலேயே ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது.

இது வரைக்கும் சரி. இரண்டாவது வெட்டில்தான் விவகாரம் ஆரம்பிக்கிறது. மெல்பர்னில் தரை ஹார்ட் கோர்ட். ஹார்ட் கோர்ட்டில் நடால் 9, ஃபெடரர் 7. பரவாயில்லை என்று தோன்றியது. அதில் கூரைக்குக் கீழே ஆடியதைப் பார்த்தேன்: ஃபெடரர் 5, நடால் 1. மனசு துள்ளியது. கடைசியாக மோதியதும் 2015-ல் பாசெல் நகரில், கூரைக்குக் கீழே, அதிலும் ஃபெடரர்தான் வென்றார்.

ஆனால் கழித்தல் ஒன்று மிச்சம் இருக்கிறதே. 9-7-லிருந்து 1-5 போனால், திறந்த வெளி ஹார்ட் கோர்ட்டில் நடால் 8, ஃபெடரர் 2. நாளைக்கு ஆட்டம் திறந்த வெளியில். மெல்பர்னில் மட்டும் எடுத்தால் 2009, 2012, 2014 என்று மூன்று ஆட்டம், மூன்றும் நடாலுக்கு.

கவனியுங்கள். ஒரே பட்டியல். எங்கே வெட்டுகிறேன் என்பதைப் பொறுத்து 23-11, 10-9, 5-1, 2-8 என்று எது வேண்டுமானாலும் வருகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் என்னால் ஒரு காரணமும் சொல்ல முடிந்தது. எனக்குப் பிடித்த எண் வந்ததும் வெட்டுவதை நிறுத்திக்கொள்ளத் தோன்றியது. பிடிக்காத எண் வந்தபோது 'இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்போம்' என்று தோன்றியது. எந்த எண்ணில் நிறுத்தினேன் என்பது நடாலைப் பற்றியோ ஃபெடரரைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கிறது. இது டென்னிஸ் வியாதி மட்டுமில்லை. ஆபீஸில் ஒரு புது வசதியை வெளியிட்டுவிட்டு, 'எல்லாப் பயனர்களும் என்று பார்த்தால் பலன் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை மொபைலில் வந்தவர்களுக்கு நல்ல பலன்' என்று அறிக்கை கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே கொடுத்தும் இருக்கிறேன்.

இதற்கு ஒரே மருந்து, பட்டியலைத் திறப்பதற்கு முன்பே 'இப்படித்தான் வெட்டுவேன்' என்று எழுதி வைத்துக்கொள்வது. நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

54 சதவீத ஜாம்பவான்

அடுத்து ஒரு எளிய கணக்கு. டென்னிஸில் ஆட்டத்தைப் புள்ளிகளாகவும், புள்ளிகளை கேம்களாகவும், கேம்களை செட்களாகவும் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கேமை வெல்ல குறைந்தது நான்கு புள்ளி, அதுவும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில். ஒரு செட்டுக்கு ஆறு கேம். ஆண்கள் கிராண்ட்ஸ்லாமில் மூன்று செட் வென்றால் ஆட்டம் உங்களுடையது. இந்த அடுக்கு ஒரு ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்கிறது.

ஒவ்வொரு புள்ளியையும் வெல்ல உங்களுக்கு 55 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். செர்வ் யாருடையது என்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம். அப்படியென்றால் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 62 சதவீதம். ஒரு செட்டை வெல்ல 80-ஐ ஒட்டி. ஐந்து செட் ஆட்டத்தை வெல்ல 95-ஐ ஒட்டி! அதுவே 51 சதவீதம் என்றால்? கேமுக்கு 52.5, செட்டுக்கு 57 கிட்ட, ஆட்டத்துக்கு 63 கிட்ட. நூறு புள்ளியில் ஒரே ஒரு புள்ளி சாய்ந்தாலே ஆட்டம் பாதிக்குப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே நகர்ந்துவிடுகிறது.

இதை ஃபெடரரே பின்னாளில் சொன்னார். 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது, தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வென்றதாகவும், ஆனால் வென்ற புள்ளிகள் 54 சதவீதம்தான் என்றும் குறிப்பிட்டார். கிட்டத்தட்ட பாதிப் புள்ளிகளைத் தோற்றவர்தான் நாம் கொண்டாடும் ஜாம்பவான்.

இதிலிருந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய ராத்திரிக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதல் சுற்றில் 100-வது இடத்தில் இருப்பவரோடு ஆடும்போது அந்தச் சிறு சாய்வு பெருகி, ஆட்டம் ஏறக்குறைய நிச்சயமாகிவிடும். ஆனால் இறுதிப் போட்டியில் நிற்கும் இருவருக்கும் நடுவே புள்ளி அளவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்று அல்லது அதற்கும் கீழே. அப்போது நேர்மையான பதில் 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கோதான் இருக்கும். 'கண்டிப்பா ஜெயிப்பார்' என்பதும் தப்பு, 'சான்ஸே இல்லை' என்பதும் தப்பு. பயந்துபோய் நம்பிக்கையை விட்டுவிடுகிற ரசிகனும் கணக்கில் பிழை செய்கிறான், அதிக நம்பிக்கை வைப்பவனைப் போலவே.

பட்டியலில் இல்லாத விஷயம்

பழைய கணக்கு எதைச் சொல்லவில்லை? நடால் இடது கைக்காரர். அவருடைய ஃபோர்ஹேண்டில் பந்து நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கும் மேல் முன்னோக்கிச் சுழலும். அது குறுக்காக வந்து விழும் இடம் வலது கைக்காரரான ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம். அப்படிச் சுழலும் பந்து தரையில் பட்டதும் தோளுக்கு மேலே எழும்பும். இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடிப்பவருக்கு இன்னொரு கை தள்ளிக்கொடுக்கும். ஃபெடரர் அடிப்பது ஒற்றைக் கையில். தோளுக்கு மேலே வரும் பந்தை ஒற்றைக் கையால் அழுத்தி அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று, அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் கனமான டப்பாவை ஒரு கையால் நகர்த்திப் பாருங்கள், புரியும். வருஷக்கணக்கில் நடால் இந்த ஒரே கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

இதற்குத் தீர்வு ஒன்றுதான். பந்து தோளுக்கு ஏறுவதற்கு முன்னாடியே, எழும்பும்போதே அடித்துவிட வேண்டும். ஆனால் அப்படி அடித்தால் நேரம் துளி பிசகினாலும் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுப் பறக்கும். ஃபெடரர் பல வருஷம் 90 சதுர அங்குல மட்டையோடு ஆடியவர். 2014-ல் 97 சதுர அங்குலத்துக்கு மாறினார். பெரிய மட்டையில் பிசகைப் பொறுத்துக்கொள்ளும் இடம் அதிகம். அந்த வருஷம் மெல்பர்ன் தரையும் வழக்கத்தைவிட வேகமாக இருப்பதாக வீரர்களே பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஓய்வு. ஃபெடரர் அரையிறுதியில் வாவ்ரின்காவை ஐந்து செட்டில் வென்றது வியாழக்கிழமை. நடால் திமித்ரோவை வென்றது வெள்ளிக்கிழமை, 4 மணி 56 நிமிடம் போராடி. ஒரு நாள் கூடுதல் ஓய்வு 35 வயது உடம்புக்குச் சின்ன விஷயமில்லை.

ஆக, 34 ஆட்டங்களில் பெரும்பாலானவை 'சின்ன மட்டை ஃபெடரர்' ஆடியவை. மென்பொருள் பாஷையில் சொன்னால், பழைய வெர்ஷனின் லாகை வைத்துக்கொண்டு புது வெர்ஷன் எப்போது விழும் என்று கணிக்கிறோம். அதற்காகப் பழைய லாகைத் தூக்கிப் போடவும் முடியாது. 'எங்க ஆள் மாறிட்டார்' என்பது எல்லா ரசிகர்களும் எல்லா இறுதிப் போட்டிக்கு முன்னாலும் சொல்லும் வசனமும்தான். 2014-ல் அதே மெல்பர்னில், அதே பெரிய மட்டையோடு, நேர் செட்களில் தோற்றார் என்பதும் என் நினைவில் இருந்தது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு காகிதத்தில் 42 என்று எழுதி மடித்து வைத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து அதை 50 ஆக்கலாமா என்று யோசித்தேன். புதுத் தகவல் எதுவும் வரவில்லை, ஆசை மட்டும்தான் கூடியிருந்தது. அதனால் மாற்றவில்லை. இவ்வளவு வருஷ ரசிகர் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

என்ன நடந்தது என்று டென்னிஸ் பார்ப்பவர்களுக்குத் தெரியும். 6-4, 3-6, 6-1, 3-6 என்று மாறி மாறிப் போய், ஐந்தாவது செட்டில் நடால் 3-1 என்று முன்னால் போனார். நான் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். நான் பார்த்தால் தோற்பார் என்ற அந்தப் பழைய மூடநம்பிக்கை. ஐந்தாறு பக்கத்துக்கு நிகழ்தகவு பேசுகிற ஆசாமி, துணி காயும் கொடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து மகள் "அப்பா, 3-3 ஆயிடுச்சு!" என்று கத்தியதும் இறங்கி ஓடினேன். அந்த 1-3-லிருந்து ஃபெடரர் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்தார். பேக்ஹேண்ட்டுக்கு வந்த பந்துகளைப் பின்வாங்காமல் எழும்பும்போதே அடித்தார். 6-3. மொத்தம் 3 மணி 38 நிமிடம். கடைசிப் புள்ளியில் பந்து கோட்டில் பட்டதா என்று நடால் முறையிட, திரையில் பட்டது என்று காட்டிய பிறகுதான் அவர் துள்ளிக் குதித்தார். 18-வது கிராண்ட்ஸ்லாம்.

என் 42 சரியா தப்பா? ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்லவே முடியாது. '30 சதவீதம் மழை' என்று சொன்ன நாளில் மழை பெய்துவிட்டால் வானிலைக்காரர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அவர் 30 என்று சொன்ன நூறு நாட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதே 2017-ல் ஃபெடரர் நடாலை இன்னும் மூன்று முறை, இந்தியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் என்று, ஹார்ட் கோர்ட்டிலேயே வென்றார். அதைப் பார்த்தபோதுதான் நான் பழைய லாகுக்கு அதிக மதிப்புக் கொடுத்துவிட்டேனோ என்ற சந்தேகம் வந்தது. பாடம் தாமதமாகத்தான் வரும்.

இரண்டாவது ஞாயிறு, 2019 ஜூலை 14. விம்பிள்டன் இறுதிப் போட்டி, எதிரே ஜோகோவிச். ஃபெடரருக்கு 38 ஆக இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த முறை காகிதத்தில் 45. ஐந்தாவது செட்டில் 8-7, செர்வ் ஃபெடரருடையது, 40-15. இன்னும் ஒரே ஒரு புள்ளி, அதற்கு இரண்டு வாய்ப்பு. செர்வில் 65 சதவீதம் புள்ளி எடுப்பவர் அந்த நிலையிலிருந்து அந்த கேமை வெல்லும் வாய்ப்பு 97 சதவீதம். பத்து வயதைத் தாண்டிவிட்ட மகளிடம் அந்த எண்ணை வேறு சொல்லிவிட்டேன். "97டா. முடிஞ்சுது."

ஒரு ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. அடுத்ததில் ஃபெடரர் வலைக்கு ஏறி வர, ஜோகோவிச் குறுக்கே அடித்துக் கடத்தினார். கடைசியில் 4 மணி 57 நிமிடத்துக்குப் பிறகு 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று ஜோகோவிச் வென்றார்.

வயிற்றெரிச்சல் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. மொத்தப் புள்ளிகள்: ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. கேம்கள்: 36-32. ஏஸ்கள்: 25-10. எதிராளியின் செர்வை உடைத்தது: 7-3. எல்லாவற்றிலும் ஃபெடரர் மேலே. எப்படித் தோற்றார்? அதே அடுக்குதான். 6-1 என்று வென்ற இரண்டாவது செட்டில் அள்ளிக் குவித்த புள்ளிகளுக்கு ஒரு செட்டுக்கு மேல் கூலி கிடைக்காது. நம்ம ஊர்த் தேர்தல் மாதிரி, ஒரு தொகுதியில் லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் எம்.எல்.ஏ. ஒருத்தர்தான். ஜோகோவிச் வென்ற மூன்று தொகுதிகளும் டை-பிரேக், மூன்றிலும் சேர்த்து 21-12. அந்த மூன்று டை-பிரேக்குகளைத் தவிர்த்த மீதி ஆட்டத்தில் ஃபெடரர் 206-183. அடுக்கு எந்தப் புள்ளியைப் பெருக்கும், எதை வீணடிக்கும் என்பதுதான் எல்லாமே.

அன்றைக்கே, அதே லண்டனில், லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 50 ஓவரிலும் சமம், சூப்பர் ஓவரிலும் சமம். பவுண்டரி எண்ணிக்கை 26-17 என்று சொல்லிக் கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். அந்த ராத்திரி எத்தனை நியூசிலாந்து ரசிகர்களும் ஃபெடரர் ரசிகர்களும் ஒரே மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

டிவியை அணைக்கும்போது மணி 11.40 இருக்கும். மகள் கேட்டாள்: "97ன்னு சொன்னீங்களே?"

"மீதி 3 இருக்குல்ல" என்றேன். கணக்குப்படி சரியான பதில். அவள் முகத்தைப் பார்த்தபோது போதுமான பதிலாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஆனா நல்லா ஆடினார்ல?" என்றாள். "ரொம்ப நல்லா" என்றேன்.

இப்போதெல்லாம் எந்த இறுதிப் போட்டிக்கு முந்தைய ராத்திரியும் இரண்டு வரி எழுதுகிறேன். முதல் வரியில் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்பதற்கு ஒரு எண். அதை எழுதிய பிறகு தொடுவதில்லை. இரண்டாவது வரியில் யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்பதற்கு ஒரு பெயர். அதற்கு ஆதாரம் எதுவும் தேவையில்லை, யாரிடமும் நிரூபிக்கவும் வேண்டாம். இரண்டு வரியையும் தனித்தனியாக எழுத ஆரம்பித்த பிறகு, எண் 30 என்று இருக்கும்போதும் அந்தப் பெயருக்காக முழு மனசோடு கத்த முடிகிறது. முன்பெல்லாம் கத்துவதற்காகவே எண்ணை 60 ஆக்கிக்கொண்டிருந்தேன்.

ஃபெடரர் 2022 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். மகள் இப்போது வேறு ஒருவருக்கு ரசிகை. அந்த ஆள் இறுதிச் சுற்றுக்கு வந்தால் முந்தைய ராத்திரி நான் அவளிடம் கேட்பது: "உன் நம்பர் என்ன?" முதலில் பெயரைத்தான் சொல்கிறாள். நம்பர் கொஞ்சம் யோசித்த பிறகு வருகிறது.